கற்றாழையா, ஊசியா? – வாசகர் கேள்வி பதில்

சிங்கப்பூரில் வேலை, ஊரில் மாடு என்று வாழும் வாசகர்கள் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். மாட்டுக்கு ஆன்டிபயாடிக் போடுவதைக் குறைக்க மூலிகை உதவுமா என்று வந்த கேள்விகளை இம்முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: பட்டுக்கோட்டைப் பக்கம் எங்கள் வீட்டில் ஆறு கலப்பினக் கறவை மாடுகள். தம்பிதான் பார்த்துக்கொள்கிறான். இந்த ஆண்டில் ஒரே மாட்டுக்கு மூன்று முறை மடிநோய் வந்துவிட்டது. மூன்று முறையும் மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய ஊசியைத் தம்பியே போட்டான். கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு அரைத்துப் பூசினால் ஊசியே வேண்டாம் என்று வாட்ஸ்அப்பில் ஒரு காணொளி வந்தது. நம்பலாமா? சரியான அளவு என்ன? – வாசகர், துவாஸ்

பதில்: பூச்சை நம்பலாம். 'ஊசியே வேண்டாம்' என்பதை நம்ப வேண்டாம்.

தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தஞ்சாவூர் மரபுசார் மூலிகை மருத்துவ மையத்தில் வகைப்படுத்தப்பட்டு, தேசிய பால்வள வாரியம் பல மாநிலங்களுக்குக் கொண்டுசென்ற முறை இது. ஒரு மாட்டுக்கு ஒரு நாளைய அளவு: சோற்றுக்கற்றாழை மடல் 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். மடலின் இரு ஓரத்து முள்ளையும் சீவிவிட்டு, தோலோடு நறுக்கி, மூன்றையும் சேர்த்து அரைக்க வேண்டும். விழுது செங்கல் நிறத்துக்கு மாறும். மாறாமல் மஞ்சளாகவே இருந்தால் சுண்ணாம்பு பழையது, வீரியம் போய்விட்டது என்று பொருள். வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பே போதும், வெள்ளையடிக்கும் சுண்ணாம்பு வேண்டாம். வீரியம் போதவில்லையே என்று அளவைக் கூட்டினால் காம்புத் தோல் வெந்துவிடும். மஞ்சளைக் கிழங்காக வாங்கி அரைப்பது நல்லது, நிறமி கலந்த தூள் சந்தையில் உண்டு.

பூசும் முறையில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். ஒவ்வொரு முறையும் முதலில் நோய்கண்ட காம்பிலிருந்து பாலை முழுதாகக் கறந்து வெளியேற்ற வேண்டும். கிருமியும் அதன் நஞ்சும் அந்தப் பாலில்தான் இருக்கின்றன. பிறகு மடியைக் கழுவித் துடைத்து, ஒரு கைப்பிடி விழுதை 150 முதல் 200 மில்லி தண்ணீரில் கரைத்து மடி முழுதும், நான்கு காம்புகளிலும் தடவ வேண்டும். இதை ஒரு நாளைக்கு 8 முதல் 10 முறை, 5 நாள் தொடர வேண்டும். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை பூசிவிட்டு 'கேட்கவில்லை' என்பவர்கள் மருந்தைக் குறை சொல்ல முடியாது. விழுதை தினமும் புதிதாக அரைக்க வேண்டும். கூடவே நாளுக்கு இரண்டு எலுமிச்சம்பழத்தை நறுக்கி 3 நாள் தின்னக் கொடுப்பது இந்த முறையின் பகுதி. பாலில் இரத்தம் கலந்து வந்தால் இரண்டு கைப்பிடி கறிவேப்பிலையை வெல்லத்தோடு அரைத்து, நிற்கும்வரை இருவேளை கொடுக்கச் சொல்கிறார்கள்.

இந்த விழுதையோ வேறு எந்தச் சாற்றையோ காம்புத் துவாரத்துக்குள் செலுத்தக் கூடாது. கிருமி நீக்கப்படாத எதுவும் உள்ளே போனால் புது நோயை நாமே ஏற்றியதாகும்.

பூச்சு போதுமா என்பதை நோயின் தீவிரம்தான் சொல்லும். பாலில் திரிதிரியாகத் தயிர்க்கட்டி வருகிறது, மடி இலேசாகக் கனத்திருக்கிறது, ஆனால் மாடு தீனி தின்கிறது, அசைபோடுகிறது, காய்ச்சல் இல்லை என்றால் 48 மணி நேரம் பூச்சோடு பார்க்கலாம். இந்த நிலையில் பல மாடுகள் தம் உடலின் எதிர்ப்பாலேயே தேறிவிடும், ஈ.கோலை கிருமியால் வரும் மிதமான மடிநோய் அப்படிப்பட்டது. நாம் தேவையில்லாமல் போடும் ஊசிகளில் பெரும்பங்கு இங்கேதான் விழுகிறது. மாறாக, ஆசனவாயில் வைத்துப் பார்க்கும்போது காய்ச்சல் 103 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் (இயல்பு 101.5 அளவு), தீனி எடுக்காவிட்டால், பால் தண்ணீராகப் போனால், மடியின் ஒரு பகுதி சில்லிட்டு நீலம் பாய்ந்தால், மாடு எழ முடியாமல் படுத்தால், அன்றே மருத்துவர் வர வேண்டும். ஆன்டிபயாடிக்கும் வலிநிவாரணியும் நரம்பு வழித் திரவமும் அந்த மாட்டின் உயிரைக் காப்பவை. கற்றாழையை நம்பிக் காத்திருந்தால் மாட்டையே இழக்க நேரிடும்.

உங்கள் மாட்டின் கதை வேறு. ஒரே மாட்டுக்கு மூன்று முறை என்றால் நோய் முழுதும் தீரவேயில்லை என்று சந்தேகிக்க வேண்டும். ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி மடித்திசுவுக்குள் சீழ்க்கட்டியாக ஒளிந்துகொள்ளும். ஊசி போட்டால் வீக்கம் வடியும், பின் மீண்டும் வரும். எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று தெரியாமல் நான்காவது ஊசியைப் போடுவது வீண் செலவு, மருந்துக்குச் சாகாத, எதிர்ப்புத்திறன் பெற்ற கிருமியை வளர்ப்பதும் அதுவே. தம்பியிடம் சொல்லுங்கள்: அடுத்த ஊசிக்கு முன், காம்பு நுனியை 70 விழுக்காடு ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, முதல் சில பீய்ச்சல்களைக் கீழே விட்டுவிட்டு, 5 முதல் 10 மில்லி பாலைக் கிருமிநீக்கிய குப்பியில் பிடித்து, பனிக்கட்டியில் வைத்துப் பரிசோதனைக்குக் கொடுக்கட்டும். உங்களுக்கு ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கம். எந்த மருந்து வேலை செய்யும் என்று அறிக்கையில் வரும். எந்த மருந்தும் பிடிக்கவில்லை என்றால் அந்தக் காம்பை வற்றவிடுவதா, மாட்டையே கழிப்பதா என்று மருத்துவரிடம் பேச வேண்டும். கேட்க மனம் வலிக்கும், ஆனால் மற்ற ஐந்து மாடுகளுக்கு நோயைக் கொடுப்பது இந்த மாடுதான்.

இனி வராமல் இருக்க வழி, கறக்கும் விதத்தை மாற்றுவது. பூச்சையும் ஊசியையும் விட இது அதிகப் பலன் தரும் என்று அழுத்திச் சொல்கிறோம். முதல் மூன்று நான்கு பீய்ச்சலைத் தரையில் விடாமல் கறுப்புத் துணி கட்டிய கிண்ணத்தில் பிடித்துத் திரி இருக்கிறதா என்று பாருங்கள். காம்பை மட்டும் கழுவி, மாட்டுக்கு ஒரு துணி என்று வைத்து உலரத் துடையுங்கள், மடியில் வழியும் அழுக்குத் தண்ணீர் காம்பு நுனியில்தான் வந்து நிற்கும். கட்டைவிரலை மடக்கி இழுத்துக் கறக்கும் பழக்கம் காம்பின் உள்தோலைப் புண்ணாக்கும், முழுக்கையால் அழுத்திக் கறக்க வேண்டும். கறந்ததும் 0.5 விழுக்காடு அயோடின் கரைசலில் ஒவ்வொரு காம்பையும் முக்க வேண்டும். காம்புத் துவாரம் மூட அரை மணி நேரமாகும், அதுவரை மாடு படுக்காதபடி தொட்டியில் தீனி போடுங்கள். நோயுள்ள மாட்டைக் கடைசியில் கறங்கள்.

இன்னும் ஒரு சிறு சோதனை. 100 மில்லி தண்ணீரில் 3 கிராம் துணிதுவைக்கும் தூளைக் கரைத்து, ஒவ்வொரு காம்பின் பாலையும் தனித்தனிக் கிண்ணத்தில் பிடித்து, பாலும் கரைசலும் சம அளவில் கலந்து ஆட்டுங்கள். கூழாகத் திரண்டால் வெளியே தெரியாத மடிநோய் அந்தக் காம்பில் தொடங்கிவிட்டது. பூச்சுக்கு இதைவிடப் பொருத்தமான நேரம் இல்லை. பதினைந்து நாளுக்கு ஒருமுறை செய்தால் போதும்.

கேள்வி: விடுமுறையில் ஊருக்குப் போனபோது பக்கத்து வீட்டில் வாங்கிய பசும்பால் தயிராக உறையவே இல்லை. மாட்டுக்கு ஊசி போட்டிருப்பார்கள் என்றார் மாமியார். நன்றாகக் காய்ச்சினால் மருந்து போய்விடாதா? இங்கே கடையில் வாங்கும் பாலிலும் இந்தப் பயம் உண்டா? – வாசகி, ஈசூன்

பதில்: மாமியார் சொன்னதில் நியாயம் இருக்கிறது. தயிரை உறைய வைக்கும் நுண்ணுயிர்களும் பாக்டீரியாக்களே, பென்சிலின் வகை மருந்து மிகச் சிறிதளவு இருந்தாலும் அவை முடங்கும். ஆனால் உறைமோர் பழையதாக இருந்தாலும், பால் கைபொறுக்காத சூட்டில் இருந்தபோது உறை ஊற்றினாலும் இதே கதிதான். அதே உறைமோரை வேறு வீட்டுப் பாலில் ஊற்றிப் பாருங்கள். அது உறைந்து இது உறையாவிட்டால் சந்தேகம் வலுக்கிறது.

காய்ச்சினால் கிருமி சாகும், மருந்தின் பெரும்பகுதி அப்படியே இருக்கும். ஊசி போட்டபின் எத்தனை நாள் பாலைக் கறந்து கொட்ட வேண்டும் என்று மருந்து அட்டையில் அச்சிட்டிருப்பார்கள். அந்த நாள் கணக்கு ஒன்றே வழி. கொட்டுவதற்கு மனமில்லாமல் அந்தப் பாலைக் கன்றுக்குக் கொடுப்பவர்கள் உண்டு, கன்றின் குடலில் எதிர்ப்புத்திறன் கொண்ட கிருமி வளர அதுவே வழி செய்துவிடும்.

சிங்கப்பூர் தன் உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் வெளியிலிருந்து வாங்குகிறது. 2019 ஏப்ரலில் தொடங்கிய சிங்கப்பூர் உணவு அமைப்பு இறக்குமதி உணவில் மருந்து எச்சத்தைச் சோதிக்கிறது. பென்சிலின் பாலில் லிட்டருக்கு 4 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது பன்னாட்டு வரம்பு. கடைப்பாலைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. மருந்து எச்சம் ஒன்று, எதிர்ப்புத்திறன் பெற்ற கிருமி வேறொன்று. பின்னது பாலில் மட்டும் வருவதில்லை. சாணம், தண்ணீர், பச்சை இறைச்சி, மாட்டைத் தொட்ட கை என எல்லா வழியிலும் வரும். கிருமிகளின் மருந்து எதிர்ப்புத்திறனைச் சமாளிக்க 2017 நவம்பரில் சிங்கப்பூர் வெளியிட்ட தேசியத் திட்டம் மனிதர், விலங்கு, உணவு, சுற்றுச்சூழல் ஆகிய நான்கையும் சேர்த்துப் பார்ப்பது இதனால்தான்.

கேள்வி: ஜொகூரில் என் மைத்துனரோடு சேர்ந்து செம்பனைத் தோட்டத்தில் 40 இறைச்சி மாடுகள் வளர்க்கிறோம். செம்பனைக் கொட்டைப் பிண்ணாக்குதான் முக்கியத் தீவனம். புதிதாக வாங்கி வரும் மாடுகளுக்கு வந்தவுடன் ஆன்டிபயாடிக் கலந்த தீவனம் கொடுப்பது வழக்கம். அதற்குப் பதிலாக மூலிகைத் தீவனச் சேர்க்கை விற்கிறார்கள், பூண்டு, ஓரிகானோ எண்ணெய் என்று எழுதியிருக்கிறது. மாற்றலாமா? – வாசகர், சுவா சூ காங்

பதில்: நோயே இல்லாத மாட்டுக்கு வளர்ச்சிக்காக ஆன்டிபயாடிக் கொடுப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006 சனவரி 1 முதல் நிறுத்திவிட்டது. மனித மருத்துவத்துக்கு முக்கியமானவற்றை அவ்வாறு கொடுப்பதை அமெரிக்கா 2017 தொடக்கத்தில் நிறுத்தியது. கடைசிக் கட்ட மருந்தான கோலிஸ்டினை உணவு விலங்குகளுக்குப் பயன்படுத்த இந்தியா 2019-ல் தடை விதித்தது. ஆகவே நிறுத்துவது சரியான முடிவு. ஆனால் ஒரு பொடியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இன்னொரு பொடியைப் போட்டால் மாடு நோயில் விழும், பழி மூலிகை மேல் வரும்.

புது மாடு ஏன் நோயுறுகிறது என்று பாருங்கள். லாரியில் பல மணி நேரம் பட்டினி, தாகம், அந்நிய மந்தையின் கிருமி, வந்த அன்றே மூட்டை மூட்டையாக அடர்தீவனம். மாற்ற வேண்டியவை இவையே. வந்தவுடன் தண்ணீரும் வைக்கோலும் மட்டும், அன்று ஓய்வு. 21 முதல் 30 நாள் தனிக் கொட்டில். அடர்தீவனத்தை 2 முதல் 3 வாரத்தில் படிப்படியாகக் கூட்ட வேண்டும், ஒரேயடியாகக் கூட்டினால் முதல் வயிற்றில் அமிலம் ஏறி மாடு சாயும், அதற்கு எந்த மூலிகையும் மருந்தில்லை. தொண்டை அடைப்பானுக்கும் கோமாரிக்கும் தடுப்பூசியை மழைக்காலத்துக்கு முன்பே போட்டுவிடுங்கள். இத்தனையும் சரியாக இருந்தால்தான் மூலிகைச் சேர்க்கைக்கு வேலை செய்ய இடம் கிடைக்கும்.

சேர்க்கைகள் என்ன செய்கின்றன? ஓரிகானோவில் உள்ள கார்வக்ரால், ஓமத்தில் உள்ள தைமால், பட்டையின் சின்னமால்டிஹைட் ஆகியவை பாக்டீரியாவின் சவ்வைத் துளைப்பவை. பூண்டின் கந்தகச் சத்தும் கிருமியை அடக்கும். வேல மரக் காய், புளியங்கொட்டைத் தோல் போன்றவற்றில் உள்ள டானின் என்ற துவர்ப்புச் சத்து, தீவனப் புரதத்தை முதல் வயிற்றில் சிதையாமல் காத்துக் குடலுக்கு அனுப்பும். மொத்த உலர் தீவனத்தில் டானின் 2 முதல் 4 விழுக்காடு வரை நன்மை, 5-ஐத் தாண்டினால் துவர்த்து மாடு தீனியை ஒதுக்கும். இவை கிருமியைக் கொல்லும் ஆற்றல் கொண்டவை என்பதால் முதல் வயிற்றின் நல்ல நுண்ணுயிர்களையும் விட்டுவைக்காது. அதிகம் போட்டால் நார் செரிக்காது. வெங்காயக் கழிவு மலிவாகக் கிடைக்கிறதென்று கொட்டுவதும் ஆபத்து. அளவு மீறினால் இரத்தச் சிவப்பணு சிதைந்து சோகை வரும், சிறுநீர் கறுத்துப் போகும். கறவை மாடாக இருந்தால் பூண்டைக் கறந்த பிறகே கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பாலில் வாடை தூக்கும்.

வாங்கும்போது மூட்டையில் மூலிகைப் பெயர்ப் பட்டியல் மட்டும் இருந்தால் வாங்காதீர்கள். செயல்படும் பொருள் எத்தனை விழுக்காடு, தயாரித்த தேதி, டன்னுக்கு எத்தனை கிராம் என்பவை இருக்க வேண்டும். எண்ணெய்ச் சத்து ஆவியாகும் பொருள். தகரக் கூரைக்குக் கீழே நம் வெப்பத்தில் சில வாரம் கிடந்தால் வெறும் தவிடுதான் மிஞ்சும். மேற்பூச்சிட்ட வகை தாங்கும்.

கலப்பதில் அவசரம் கூடாது. டன்னுக்கு 500 கிராம் என்று அட்டையில் இருந்தால் முதலில் 500 கிராமை 5 கிலோ தவிட்டில் கலந்து, அதை 50 கிலோ தீவனத்தில் கலந்து, அதன்பின் முழு டன்னில் கலக்க வேண்டும். நேராகக் கொட்டிக் கிளறினால் ஒரு மாட்டுக்குப் பத்து மடங்கு போகும், இன்னொன்றுக்கு ஒன்றுமே போகாது. ஈரம் பட்டுப் பூசணம் பிடித்த தீவனத்தை, அதில் எந்த மூலிகை இருந்தாலும், வெளியே போட்டுவிடுங்கள். பூசணம் உண்டாக்கும் அஃப்ளாடாக்ஸின் நஞ்சு மாட்டின் எதிர்ப்பாற்றலையே குலைத்துவிடும், பிறகு ஊசிதான் கதி. தோட்டத்தில் செம்மறி ஆடும் இருந்தால் செம்பனைக் கொட்டைப் பிண்ணாக்கை அதற்குப் பிரதான தீவனமாக்காதீர்கள், அதிலுள்ள தாமிரச் சத்தைச் செம்மறி தாங்காது.

விற்பவர் சொல்லை நம்பி 40 மாட்டையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். வயதும் எடையும் ஒத்த 20 மாடுகளை எடுத்துப் பத்துப் பத்தாகப் பிரித்து, ஒரு பத்துக்கு மட்டும் சேர்க்கை கொடுங்கள். இரண்டு வாரம் பழகவிட்டு, அதன்பின் 60 நாள் கணக்கு எடுங்கள். தராசு இல்லையென்றால் நாடா போதும்: மார்புச் சுற்றளவை அங்குலத்தில் எடுத்து அதையே அதனால் பெருக்கி, தோள்முனை முதல் புட்ட எலும்பு வரை உள்ள நீளத்தால் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் எடை கிலோவில் வரும். சுற்றளவு 65, நீளம் 55 என்றால் ஏறக்குறைய 352 கிலோ. எடையோடு, எந்த மாட்டுக்கு என்று என்ன மருந்து போட்டோம் என்பதையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். ஊசி எண்ணிக்கை குறைந்ததா என்பதுதானே உங்கள் கேள்வி, அதற்கான விடை அந்த நோட்டில் இருக்கும்.

கேள்வி: மாட்டுக் கழிச்சலுக்கு அரைத்துக் கொடுக்கும் மருந்தில் கசகசா சேர்க்கச் சொல்கிறார்கள். ஊருக்குப் போகும்போது எல்லாச் சாமானையும் தேக்காவிலேயே வாங்கிப் போகலாம் என்று பார்த்தால் கசகசா மட்டும் கிடைக்கவில்லை. கன்றுக்கும் இதே மருந்துதானா? – வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: கசகசா சிங்கப்பூரில் தடைசெய்யப்பட்ட பொருள், எந்தக் கடையிலும் கிடைக்காது. ஊரில் வாங்கிக்கொள்ளுங்கள். மிச்சம் ஆன பொடியை மறந்தும் பெட்டியில் வைத்து இங்கே கொண்டு வராதீர்கள்.

வளர்ந்த மாட்டுக்கு அளவு இது: வெந்தயம், சீரகம், மிளகு, மஞ்சள் ஒவ்வொன்றும் 10 கிராம், கசகசா 5 கிராம், பெருங்காயம் 5 கிராம், வெங்காயம் ஒன்று, பூண்டு ஒரு பல், கறிவேப்பிலை ஒரு கைப்பிடி, வெல்லம் 100 கிராம். வெந்தயம், சீரகம், கசகசா, பெருங்காயம் நான்கையும் கருக வறுத்துப் பொடித்து, மற்றவற்றோடு அரைத்து, சிறு உருண்டைகளாக்கி உப்புத் தொட்டு நாக்கில் தடவ வேண்டும். நாளுக்கு ஒரு முறை, 1 முதல் 3 நாள். கரைத்து, நாக்கைப் பிடித்து இழுத்து வாயில் ஊற்றக் கூடாது. மூச்சுக்குழலில் இறங்கினால் நிமோனியா வரும், அதற்கு ஆன்டிபயாடிக்தான் போட வேண்டியிருக்கும்.

பால்குடிக் கன்றுக்கு இதைக் கொடுக்க வேண்டாம். கன்றுக் கழிச்சலில் பெரும்பாலும் காரணம் வைரஸ் அல்லது ஒட்டுண்ணி. ஆன்டிபயாடிக் அவற்றைத் தொடாது. கன்று சாவது நீர் வற்றி. கன்றுக்கான உப்புக்கரைசலை இரண்டு பால்வேளைக்கு நடுவில் 2 லிட்டர் வீதம் நாளுக்கு இரண்டு முறை கொடுங்கள், பாலை நிறுத்தாதீர்கள். கண் குழிந்து, கழுத்துத் தோலைக் கிள்ளிவிட்டால் மடிந்தபடியே நின்றால், அல்லது உறிஞ்சும் சக்தி இல்லாவிட்டால், உடனே மருத்துவர். பிறந்த இரண்டு மணி நேரத்துக்குள் சீம்பால், முதல் நாளில் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு குடித்த கன்றுக்கு இந்தத் தொல்லை மிகக் குறைவு. 30 கிலோ கன்றுக்கு 3 லிட்டர்.

கேள்வி: ஊசியும் மூலிகையும் சேர்த்துக் கொடுத்தால் பாலைச் சீக்கிரம் விற்கலாமா? – வாசகர், பொங்கோல்

பதில்: சேர்த்துக் கொடுக்கலாம், மருத்துவரிடம் சொல்லிவிட்டுக் கொடுங்கள். மடிமேல் பூச்சு போடும் வரையில் சிக்கல் இல்லை. வாய்வழி மிளகு கலந்த மருந்து, மற்ற மருந்து உடலில் சேரும் அளவை மாற்றக்கூடியது. ஊசியை இடையில் நிறுத்திவிட்டு மூலிகைக்கு மாறாதீர்கள், மருத்துவர் சொன்ன நாள் வரை போட்டு முடியுங்கள்.

பால் விற்கும் நாள் மட்டும் ஒரு வேளைகூடக் குறையாது. பூச்சால் வீக்கம் வடிந்து பால் வெள்ளையாக வந்தாலும் மருந்து பாலில் இருக்கும். கறப்பவர் வேறு, ஊசி போட்டவர் வேறு என்று இருக்கும் வீடுகளில் தவறு நேர்வது இங்கேதான். ஊசி போட்ட கையோடு மாட்டின் பின்னங்காலில் சிவப்புத் துணி ஒன்றைக் கட்டி, பாலை மீண்டும் சேர்க்கலாம் என்ற தேதியைத் தொழுவச் சுவரில் சுண்ணாம்பால் எழுதிவையுங்கள். அந்தத் தேதி வந்த பிறகே துணியை அவிழ்க்க வேண்டும்.